வெளிநாட்டார் டொலரும் வீட்டார் நகையும்: தமிழ் பேசும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வடக்கு, கிழக்கு, மலையகம், கொழும்பு என்று எங்கிருந்து பத்தாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவாகியிருந்தாலும், ஆளும் தரப்பில் இருந்தாலும் எதிர்த்தரப்பில் இருந்தாலும், உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் என்று உங்கள் முன்னால் இருக்கும் விடயங்களின் கனம் எனக்குத் தெரியும். அவற்றுக்கு நடுவே கசினோவைப் பற்றிப் பேச வருகிறானே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அது கொழும்புப் பணக்காரரின் பொழுதுபோக்கு, நம்முடைய வாக்காளருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று இதைக் கைவிட்டுவிடவும் வேண்டாம். தொடர்பு இருக்கிறது. என் உத்தியோக காலத்தில் அதை நேரில் பார்த்தவன் நான்.

கசினோ வேண்டுமா வேண்டாமா என்ற கட்டத்தை நாடு கடந்துவிட்டது. 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தவென்று வந்தது. 2014 ஏப்ரலில் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல் திட்டங்களுக்குப் பாராளுமன்றம் வரிச்சலுகை கொடுத்தது. அவற்றில் ஒன்றோடு தொடர்புபட்ட அவுஸ்திரேலியக் கோடீஸ்வரர் ஜேம்ஸ் பக்கரின் பெயர் அப்போது பத்திரிகைகளில் தினமும் அடிபட்டது. 2015இல் வந்த அரசாங்கம் புதிய கசினோ அனுமதிகளை மறுத்தது. பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மருந்தில்லாத வைத்தியசாலை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்போடு கசினோ எதிர்ப்பும் ஓய்ந்துபோயிற்று. ஜோன் கீல்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 120 கோடி டொலர் செலவில் கட்டிய பெருங்கட்டடத்தில் கசினோ நடத்த, ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட மெல்கோ நிறுவனத்துக்கு 2024இல் 20 வருட அனுமதி கிடைத்தது. 2025 ஆகஸ்ட் மாதம் அது கோலாகலமாகத் திறக்கப்பட்டது. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. கூடவே, கசினோக்களின் மொத்த வசூல் மீதான அறவீட்டை 15இலிருந்து 18 வீதமாகவும், உள்ளே போகும் இலங்கையரிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தை 50இலிருந்து 100 டொலராகவும் உயர்த்த அரசு முடிவெடுத்தது.

இனி மிச்சமிருப்பது ஒரே கேள்விதான். அந்த மேசைகளில் யாருடைய காசு விழப்போகிறது? வெளிநாட்டவரின் காசு விழுந்தால் அதைச் சுற்றுலா வருமானம் என்று ஏற்கலாம். இலங்கையரின் காசு விழுந்தால் நாட்டுக்குப் புதிதாக ஒரு சதமும் வரவில்லை. ஒரு வீட்டின் சேமிப்பு இன்னொருவர் கைக்குப் போகிறது. ஆகவே இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் நுழைவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும். இதற்காகத்தான் இந்த மடல்.

கசினோவை ஆதரிப்பவர்களை நான் தீயவர்கள் என்று சொல்ல வரவில்லை. வங்குரோத்தான நாட்டுக்கு டொலர் வேண்டும் என்பது உண்மை. ஹோட்டலில் வேலை கிடைத்த மட்டக்களப்புப் பிள்ளைக்கும் ஹற்றன் பிள்ளைக்கும் அது நல்ல வேலைதான். 2024இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் இருபது இலட்சத்துக்கு மேல். அவர்களில் ஐவரில் ஒருவர் இந்தியர். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பில் இறங்கிவிடலாம். அவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு இரவு கூடுதலாகத் தங்கிச் செலவழித்தால் அதை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை.

ஆனால் இந்த நியாயங்கள் எல்லாமே வெளிநாட்டு ஆட்டக்காரரை வைத்துச் சொல்லப்படுபவை. டொலர், சுற்றுலா, ஏற்றுமதிக்கு நிகரான வருவாய் என்று எதைச் சொன்னாலும் அது அவர்களுக்குத்தான் பொருந்தும். உள்ளூர்க்காரரை உள்ளே விடுவதற்கு இவற்றில் ஒன்றுகூட உதவாது. கணக்கைப் பாருங்கள். வத்தளையில் கடை வைத்திருக்கும் ஒருவர் கசினோவில் 100 ரூபாய் தோற்கிறார். அரசுக்கு 18 ரூபாய் அறவீடு வருகிறது. அந்தக் காசு வீட்டில் இருந்திருந்தால் பிள்ளையின் ரியூஷனுக்கோ, கூரை வேலைக்கோ, கடைக்குச் சரக்கெடுக்கவோ போயிருக்கும். ஏதோ ஒரு மேசனின் கூலியாக, ஒரு வாத்தியாரின் வருமானமாக ஊருக்குள் சுற்றியிருக்கும். அதில் ஒரு பங்கு வரியாக அரசுக்கும் வந்திருக்கும். கசினோவை நடத்துவது வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால், இலாபத்தில் அதன் பங்கு டொலராக மாறி நாட்டை விட்டுப் போகும். டொலர் கொண்டுவரவென்று திறந்த இடத்தில் நம் ஆளை ஆடவிட்டால், அவர் தோற்கும் காசின் ஒரு பகுதிக்காக நாமே டொலர் தேடிக் கொடுக்க வேண்டியிருக்கும். இதை நிதி அமைச்சின் அதிகாரிகள் அறியாதவர்கள் அல்லர். அவர்களிடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

100 டொலர் நுழைவுக் கட்டணமே போதிய தடை என்பார்கள். இந்தக் கட்டணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒற்றைப் பூச்சியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி வென்றால் 35 மடங்கு தருவார்கள். 36 மடங்கு தந்தால்தான் அது சமமான ஆட்டம். அந்த ஒரு மடங்கு வித்தியாசத்தில்தான் முழுத் தொழிலும் நிற்கிறது: கட்டும் ஒவ்வொரு 1,000 ரூபாயிலும் சராசரியாக 27 ரூபாய் கசினோவுக்கு. மணிக்கு 40 சுற்று என்று நான்கு மணி நேரம் ஆடினால் 160 சுற்று, ஏறக்குறைய 4,300 ரூபாய் நட்டம். வாசலில் கட்டிய 100 டொலரோ சுமார் 30,000 ரூபாய். சுற்றுக்கு 1,000 ரூபாய் கட்டுபவனுக்கு, ஆட்டத்தில் போவதைவிட வாசலில் போனது ஏழு மடங்கு அதிகம். இப்படி 30,000 ரூபாய்க் கடனோடு உட்காருகிறவன் என்ன செய்வான்? அதை மீட்கச் சுற்றுக்கு 10,000 கட்டுவான். அப்போது அவன் எதிர்பார்க்க வேண்டிய நட்டம் 43,000. அளவாக ஆடக்கூடியவனை இந்தக் கட்டணம் வாசலோடு திருப்பி அனுப்பும். அடிமைப்பட்டவனை இன்னும் பெரிதாகக் கட்டவைக்கும். திரும்பிப் போகவேண்டியவன் இரண்டாமவன் அல்லவா? தவிர, கட்டணத்தில் வருமானம் காணும் அரசு, ஆட்கள் வராமல் போவதை எப்படி விரும்பும்?

நான் கொழும்பில் ஒரு வங்கியின் அடகுப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நகை அடகு வைக்க வருகிறவர்களை எங்களால் ஓரளவு இனம்பிரிக்க முடியும். சித்திரை, ஆவணி மாதங்களில் கலியாணச் செலவுக்கு வருவார்கள். தை மாதம் பள்ளிக்கூடச் செலவு. வெளிநாட்டு ஏஜென்சிக்குக் காசு கட்ட வருகிற தாய்மார் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வருவார்கள். இவர்கள் எல்லோரும் கூட்டிக் கழித்துப் பார்த்து, எப்போது மீட்கலாம் என்று எங்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு போவார்கள். சூதாட்டக்காரர் அப்படி வரமாட்டார். தனியாக வருவார். நகையைக் கொண்டுவருவது ஆண் பிள்ளை, நகையோ பெண்ணுடையது. வட்டி என்ன என்று கேட்கமாட்டார், கூடியது எவ்வளவு தருவீர்கள் என்பதுதான் ஒரே கேள்வி. காசை எண்ணாமலே வாங்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் ஓர் அம்மா சிட்டை இல்லாமல் வந்தார். கிழக்கு மாகாணத்திலிருந்து கொழும்புக்குக் குடிவந்த குடும்பம். கணவர் ஒரு தனியார் கம்பனியில் காசாளர். வீட்டு அலுமாரியில் தாலிக்கொடியும் மகளின் அட்டியலும் இல்லை, இங்கே இருக்கின்றனவா என்று கேட்டார். கணக்குக்காரரின் அனுமதியில்லாமல் நான் எதையும் சொல்லக்கூடாது. அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். இருந்தன, ஏலத்துக்குப் போகும் பட்டியலில் இருந்தன. சில மாதங்களுக்குப் பிறகு அந்தக் கணவர் கம்பனிப் பணத்தில் கைவைத்ததாகப் பொலிஸ் வரை போனது. அவர் போய்வந்தது கொள்ளுப்பிட்டிப் பக்கத்துக் கசினோ ஒன்றுக்கு. அங்கே சாப்பாடு இலவசம், குடி இலவசம், இரவு வீடு திரும்ப வாகனமும் இலவசம் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருந்தாராம். அந்த அம்மாவுக்கு உதவ என்னிடம் சட்டம் எதுவும் இருக்கவில்லை. கணவர் உள்ளே போவதைத் தடுக்கச் சொல்லி முறையிட அவருக்கும் ஓர் இடம் இருக்கவில்லை.

100 டொலர் கட்டக்கூடியவர் யார் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். நாட்கூலிக்காரர் போகமாட்டார். பிறருடைய பணம் கையில் புழங்குகிறவர் போவார்: காசாளர், சீட்டுப் பிடிப்பவர், கோயில் அல்லது சங்கத்தின் பொருளாளர், வெளிநாட்டிலிருக்கும் தம்பி வீடு கட்ட அனுப்பும் காசைப் பொறுப்பாக வைத்திருக்கும் அண்ணன். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் காசில் எத்தனை குடும்பங்கள் நிற்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூரைப் பார் என்று சொல்லாத கசினோ ஆதரவாளர் இல்லை. நானும் பார்க்கத்தான் சொல்கிறேன், முழுவதுமாக. நெடுங்காலம் கசினோவை மறுத்த நாடு அது. லீ குவான் யூவே எதிர்ப்பாளராக இருந்து பிறகு மனம் மாறியவர். 2005 ஏப்ரல் 18ஆம் திகதி பிரதமர் லீ சியன் லூங் இரண்டு கசினோக்களுக்கு இசைவை அறிவித்தார். 2010இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் அவை திறந்தன. 2009இல் 97 இலட்சமாக இருந்த வருகை 2010இல் 116 இலட்சமானது. உலகப் பொருளாதார மந்தத்திலிருந்து மீண்ட ஆண்டு அது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். இதுவரை நமது அமைச்சர்களும் சொல்வார்கள். இனி வருவதைச் சொல்லமாட்டார்கள். கதவு திறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2005இலேயே, சூதாட்ட அடிமைத்தனத்தைக் கையாள ஒரு தேசிய மன்றத்தை அமைத்தார்கள். கசினோவுக்குள் ஏரிஎம் இயந்திரம் வைக்கக்கூடாது. பெருந்தொகை வைப்பிலிட்டவரைத் தவிர வேறெந்த உள்ளூர்வாசியையும் கடனுக்கு ஆடவிடக்கூடாது. அரச உதவிப் பணத்தில் வாழ்பவரும் வங்குரோத்தானவரும் சட்டப்படி தானாகவே தடைப்பட்டியலில் சேர்க்கப்படுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவியோ கணவனோ பெற்றாரோ பிள்ளையோ சகோதரரோ விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாதே என்று ஆணை பெறலாம். நான் மேலே சொன்ன அம்மா சிங்கப்பூரில் இருந்திருந்தால் அலுமாரி காலியாவதற்கு முன்பே அவருக்குப் போக ஓர் அலுவலகம் இருந்திருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் 2019இல் நுழைவுக் கட்டணத்தை 100இலிருந்து 150 சிங்கப்பூர் டொலராக உயர்த்தினார்கள். ஊழலற்ற நிர்வாகத்துக்குப் பெயர்பெற்ற நாட்டுக்கே இத்தனை பூட்டுகள் தேவைப்பட்டன. பூட்டுகளைச் சரியாகப் போட நமக்குச் சக்தி இல்லையென்றால் நம் ஆட்களுக்குக் கதவையே சாத்திவிடுவதுதான் நேர்மை.

அப்படிச் சாத்திய நாடுகள் உண்டு. நேபாளத்தில் கசினோக்கள் இருக்கின்றன. நேபாளக் குடிமக்கள் அவற்றில் ஆட முடியாது. மீறல்கள் நடக்கின்றன, பொலிஸ் பிடிக்கிறது, சட்டம் நிற்கிறது. தென்கொரியாவில் கொரியர்கள் ஆடக்கூடிய கசினோ நாடு முழுவதிலும் ஒன்றே ஒன்று. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப் பிழைப்பிழந்த மலைப்பகுதிக்கு வாழ்வு கொடுக்கவென்று 2000ஆம் ஆண்டில் திறந்த காங்வன் லேண்ட். இந்த உதாரணம் மலையக உறுப்பினர்களுக்கு முக்கியம், ஏனென்றால் பின்தங்கிய இடத்துக்கு அபிவிருத்தி என்ற பெயரில் நாளைக்கு இதே யோசனை நுவரெலியாவுக்கும் வரலாம். காங்வன் லேண்டைச் சுற்றியுள்ள ஊரில் அடகுக் கடைகள் வரிசையாக முளைத்தன. ஆட வந்தவர்கள் அடகு வைத்துவிட்டுப் போன கார்கள் வாகனத் தரிப்பிடங்களில் தூசு படிந்து நின்றன. ஒருவர் மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் வரக்கூடாது என்று விதி போடவேண்டி வந்தது. அதைத் தாண்டினால் கூடாது என்று அந்த நாட்டு அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை அது.

வெளிநாட்டவரின் காசு என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. 2016 பெப்ரவரியில் நியூயோர்க் பெடரல் ரிசேர்வில் இருந்த பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 10 கோடியே 10 இலட்சம் டொலரை இணையத் திருடர்கள் எடுத்தார்கள். அதில் 2 கோடி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பெறுநரின் பெயரில் எழுத்துப்பிழை இருந்ததால் வங்கிகளுக்குச் சந்தேகம் வந்து, பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. மீதி 8 கோடியே 10 இலட்சம் பிலிப்பைன்ஸ் போனது. அங்கே அது கசினோக்களுக்குள் நுழைந்தது. அந்நாட்டுப் பணச்சலவைத் தடுப்புச் சட்டம் அப்போது கசினோக்களைத் தொடவில்லை. மேசைக்குப் போன காசு சில்லுகளாகிக் கலைந்தது; சுமார் ஒன்றரைக் கோடிதான் மீண்டது. அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரே திருட்டுப் பணம், வங்கியில் அகப்பட்டது, கசினோவில் அகப்படவில்லை. மக்காவ் நகரில் பெரும் ஆட்டக்காரரைக் கடனுக்கு அழைத்துவந்து ஆடவைக்கும் முகவர் தொழிலின் பெரும்புள்ளி அல்வின் சாவ் 2023 ஜனவரியில் 18 ஆண்டு சிறைக்குப் போனார். இங்கேயும் அதே முகவர் முறை வளர்ந்து, கடன் அங்கே ஊரில் வசூலாகி, கணக்கு வங்கிக்கு வெளியே உண்டியல் வழியாகத் தீர்ந்தால், நாம் எதிர்பார்க்கும் டொலர் மத்திய வங்கியின் கண்ணில் படாது.

ஒன்றை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றி 1978இல் முதல் கசினோவைத் திறந்தது. அயல் மாநிலங்களும் திறந்தபோது, 2006இல் 520 கோடி டொலராக இருந்த வசூல் 2013இல் 290 கோடியாக இறங்கியது. அடுத்த ஆண்டு மட்டும் நான்கு கசினோக்கள் மூடின. ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பெரிய கசினோ ஒன்று எழும்புகிறது. அதுவும் இந்தியரை எதிர்பார்க்கும்.

இந்தியாவைச் சொல்லும்போது இன்னொன்று. தமிழ்நாடு 2003இல் லொத்தர் சீட்டைத் தடைசெய்தது. கொழும்புக் கசினோ திறந்த அதே 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. தன் குடும்பங்களைக் காப்பாற்ற அந்த நாடு சட்டம் போடுகிறது. அந்தத் தடையால் இங்கே வரும் ஆட்டக்காரரில் இலாபம் பார்க்கப்போகும் நாம், நம் குடும்பங்களுக்கு அந்தக் காவலைக்கூடக் கொடுக்காமல் இருப்பது எப்படிச் சரி?

அரசே தேசிய லொத்தர் சபையையும் அபிவிருத்தி லொத்தர் சபையையும் வைத்துச் சந்திக்குச் சந்தி சீட்டு விற்கிறதே, கசினோவை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்று சபையில் உங்களை மடக்குவார்கள். லொத்தரும் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் சீட்டு வாங்கியவர் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அவர் வேலைக்குப் போவார், சாப்பிடுவார், தூங்குவார். ரூலெட் சக்கரம் ஒன்றரை நிமிடத்தில் அடுத்த சுற்றுக்கு அழைக்கிறது. ஓர் இரவில் ஒரு வீட்டை இழக்கும் வேகம் லொத்தருக்கு இல்லை.

திருவள்ளுவர் சூது அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். ஆட்சியும் செல்வமும் பேசும் பகுதியில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே. சூதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பார்க்காமல் பொருளாதாரக் கேள்வியாகவும் பார்க்கும் மரபு நமக்குப் புதிதல்ல. ஒழுக்கம் பேசுகிறார்கள், பொருளாதாரம் புரியாதவர்கள் என்று யாராவது உங்களைச் சொன்னால் தயங்காமல் பொருளாதாரத்தையே பேசுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது இது. இலங்கைக் கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ உள்ளவர் கசினோவில் ஆடுவதைத் தடுக்கும் திருத்தத்தைத் தனியார் உறுப்பினர் சட்டமூலமாகவாவது கொண்டுவாருங்கள். கட்சி தாண்டிச் சேர்ந்து கையெழுத்திடுங்கள். சிங்கள உறுப்பினர்களிலும் இதை ஆதரிப்பவர்கள் நிச்சயம் கிடைப்பார்கள். அது நிறைவேறும் வரைக்கும், குடும்பத்தவர் விண்ணப்பித்து ஒருவரைத் தடுக்கும் உரிமையை ஒழுங்குவிதிகளில் எழுதும்படி அதிகாரசபையை வற்புறுத்துங்கள். அந்த விண்ணப்பத்தைத் தமிழிலும் கொடுக்கலாம், பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். கொழும்புக்கு வந்து ஆங்கிலத்தில் படிவம் நிரப்பு என்றால் கிளிநொச்சியில் இருக்கும் மனைவியால் முடியாது. கைத்தொலைபேசி வழிச் சூதாட்டத்துக்கும் இதே தடை பொருந்த வேண்டும், ஏனென்றால் வன்னிக் கிராமத்துக்குக் கசினோ வராவிட்டாலும் போன் வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, கேட்டாலே போதும். வாசலில் கட்டணம் வாங்குவதால், எத்தனை இலங்கையர் உள்ளே போனார்கள் என்ற கணக்கு அரசின் கையில் இருந்தே ஆகவேண்டும். அடுத்த வரவுசெலவுத்திட்ட விவாதத்தில் எழுந்து நின்று நிதி அமைச்சரிடம் கேளுங்கள்: கடந்த ஆண்டு கசினோக்களுக்குள் போன இலங்கையர் எத்தனை பேர், அவர்கள் தோற்றது எவ்வளவு, வெளிநாட்டவர் தோற்றது எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். வரும் பதிலை ஹன்சாட்டில் ஏற்றுங்கள்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர்,
வெள்ளவத்தை.